பள்ளி வாசலில் ஒரு மாத்திரை அட்டை

1

இந்தக் கதையை ஒரு திருட்டில்தான் தொடங்கினேன். என் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர், கண்ணில் செருகிய லென்ஸை எடுக்காமலே, "கை விட்டுடுச்சு சார், கண்ணுதான் இன்னும் விடல" என்றார். வலி மாத்திரைக்கு அடிமையாகிக் கிடந்தவர். பதினோரு மாதமாகத் தொடவில்லை. அவரிடம் திருடியது இவ்வளவுதான், மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. கதைக்குள் அவரை 'அவன்' ஆக்கிவிட்டேன். மரியாதை கொடுத்தால் கதை நகர மாட்டேன் என்கிறது.

2

'வெயில் சுட்டெரித்த ஒரு மதியத்தில் அவன்...'

வேண்டாம். வெயில் என்ன பாவம் செய்தது? மனைவியிடமிருந்து தொடங்குகிறேன். அவனை நம்பி மகளை அவள் தனியாக விட்டு ஒரு வருஷமாகிறது. இன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"மூணரைக்கு மணி அடிப்பாங்க. மஞ்சக் குடை வச்சிருப்பா. இன்னிக்கு மட்டும் சொதப்பிடாதீங்க."

"ஏழு வயசுப் புள்ளையக் கூட்டிட்டு வர எனக்குத் தெரியாதா?"

(அவள் பதிலையும் எழுதிப் பார்த்தேன். சண்டை வந்துவிட்டது, அடித்துவிட்டேன்.)

3

மூன்று மணிக்கே போய் நின்றான். அதில் குறை சொல்ல முடியாது. மணி அடித்ததும் பிள்ளைகள் மடை திறந்தாற்போல வந்தார்கள். அப்போது சாக்கடை ஓரத்தில் ஏதோ மினுங்கியது.

மாத்திரை அட்டை. பத்துக் குழி. ஒன்பது கிழிந்து வாய் பிளந்து கிடந்தன. பத்தாவது மண்ணில் புதைந்திருந்தது. அது கிழிந்ததா, இல்லையா?

சத்தியமாக அவன் எடுக்க நினைக்கவில்லை. குனியக்கூட இல்லை. யாரோ காய்ச்சலுக்குத் தின்றதாக இருக்கும் என்றும் தெரியும். பார்த்தான், அவ்வளவுதான். கீழே விழுந்த கடுகளவு திருகாணியைத் தேடிப் பிடிக்கிற கண் அது.

(இங்கே பத்தாவது குழியில் ஒரு மாத்திரை வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். காலியாக இருந்தாலும் அவன் நகரப்போவதில்லை.)

4

நிமிர்ந்தபோது வாசல் காலி. காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் பொண்ணு..."

"எல்லாரும் போயாச்சே. ரெண்டு மூணு பிள்ளைங்க தனியா மெயின் ரோட்டுப் பக்கம் போச்சு. உங்க பொண்ணு கையில என்ன வச்சிருந்தா?"

அவன் வாயைத் திறந்தான். காலையில் மனைவி என்னவோ சொன்னாள். என்னவோ ஒரு நிறம்...

5

ஒரு முடிவில் மகள் தெருமுனையில் பத்திரமாக நிற்கிறாள். அதை எழுதினேன், நம்ப முடியவில்லை. இன்னொன்றைப் பாதியில் கிழித்துப் போட்டேன். எனக்கும் மகள் இருக்கிறாள், பயமாக இருந்தது.

எனவே அவனுக்குப் பதில் நீங்கள் சொல்லுங்கள். மேலே திரும்பிப் பார்க்கக் கூடாது, அவனுக்கு அந்த வசதி இல்லை. குழந்தையின் கையில் என்ன இருந்தது? என்ன நிறம்? சீக்கிரம், சாலையில் பேருந்து வருகிறது.

அட்டையில் எத்தனை குழி என்று நான் கேட்கவில்லை.