நடத்துநர் யார்?

1

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ அறுபது சென்ட். ஏலிஸுக்கு வர வேண்டிய கூலி அது. இந்தக் கதை அந்தக் கடனிலிருந்துதான் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை. நானும் அவனும் ஒரே நிக்கல் சுரங்கத்தில் பாறை அள்ளியவர்கள். தலை நரைத்த பிறகுதான் எனக்கு எழுத்து பிடிபட்டது. மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி மூடிய ஏரிக்கரையில், பூமியின் எதிர்காலத்துக்காக ஒரு தனி மனிதன்...

அடித்துவிட்டேன். ஏலிஸ் பூமிக்காக எதுவும் செய்தவன் இல்லை. அது அவன் வலை போடுகிற ஏரி, அவ்வளவுதான்.

நடந்தது இது. மின்சாரக் கார்களுக்கு நிக்கல், எல்லாம் பசுமை என்று வாசலில் பலகை வைத்திருந்த கம்பெனி இலையுதிர் காலத்தில் திவாலானது. மூடிய பிறகு இடத்தைச் சீர்செய்வதற்கென்று அரசிடம் கட்டியிருந்த பிணைப்பணம் வேலி போடக்கூடக் காணாது. கழிவுக் குட்டையில் அமில நீர் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுண்ணாம்புத் தொட்டிக்கு இறைக்கும் பம்பு நின்றால், தண்ணீர் கரையைத் தாண்டி ஏரியில் இறங்கும். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனோம். ஏலிஸ் போகவில்லை. குளிர்காலம் முழுக்கப் பம்பை ஓட்டினான். அந்தக் கூலிதான் மேலே சொன்னது.

(மின்சாரத்தை ஏன் யாரும் துண்டிக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. கதைக்கு வசதியாக இருக்கிறது. நிஜத்திலும் அப்படித்தான் இருந்தது.)

3

மார்க்கெத்தா சுரங்கங்களை மேற்பார்க்கும் அரசு அலுவலகத்திலிருந்து வருபவர். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். மெல்லிய உதடு, குளிர்ந்த கண். அப்படி எழுதினால் வேலை சுலபம். ஆனால் ஏலிஸின் சமையலறைக்கு வந்தவருக்குச் சளி பிடித்திருந்தது. துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்திருந்தது.

"வாங்க அரசாங்கம், பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க," என்றான் ஏலிஸ்.

"கூலி கேட்டு எழுதியிருக்கீங்க ஏலிஸ். அந்த மனுவைத் திருப்பி வாங்கிக்குங்க."

"ஏன், தர மனசில்லையா?"

"கம்பெனி போன பிறகு நீங்க யார்கிட்ட வேலை பாத்தீங்க? முதலாளியே இல்ல. அப்ப அந்த இடத்தை ஓட்டினதே நீங்கதான்னு ஆயிடும். சட்டத்துல அதுக்குப் பேரு நடத்துநர்."

ஏலிஸ், மேஜையில் கூட இருந்த என் பக்கம் திரும்பினான். "நடத்துநராம்டா. விசில் எங்க?"

"டிக்கெட் பையும் இல்லையே," என்றேன்.

மார்க்கெத்தா சிரிக்கவில்லை. "நடத்துநர்தான் குட்டையைச் சுத்தம் பண்ணணும். கழிவுக்கு வரி கட்டணும். இந்த வீட்டை வித்தாலும் காணாது."

ஏலிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் சர்க்கரை போடுவதில்லை.

"பம்பை நிறுத்திட்டா?"

"அப்ப உங்களை யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க. ஏரி போயிடும்."

"நீங்க வந்து ஓட்டுங்களேன்."

"நாங்க தொட்டா அரசாங்கம் நடத்துநர் ஆயிடும். மேல இன்னும் முடிவெடுக்கல. அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. வாரக்கணக்கில் நின்றது.

ஒரு முடிவு எழுதினேன்: ஏலிஸ் வழக்குப் போட்டு ஜெயிக்கிறான். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

இன்னொன்று: பம்பை நிறுத்துகிறான், வசந்தத்தில் பனி உருகி, மீன்கள்... இதை என்னால் முடிக்க முடியவில்லை. அந்த மீனைத்தான் நானும் வறுத்துத் தின்கிறேன்.

உண்மையில் அன்றைக்கு அந்தச் சமையலறையில் நான்தான் ஒரு வழி சொன்னேன். "தல்கோன்னு எழுதிடுடா."

தல்கோ என்றால் கூலியில்லாமல் கூடிச் செய்கிற வேலை. கூரை மாற்ற, விறகு அடுக்க, ஒருவர் கூப்பிடுவார், மற்றவர்கள் போவோம். கூப்பிட்டவர் பட்டாணி சூப் ஊற்ற வேண்டும். கூலி இல்லை, ஆகவே வரி இல்லை. உதவிக்கு வந்தவனை நடத்துநர் என்று யாரும் சொல்வதில்லை.

மார்க்கெத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா கூப்பிட்டது யாரு? அவங்கதானே பொறுப்பு?"

"திவாலான கம்பெனிதான். வந்து சூப்புக் காய்ச்சும் பாருங்க," என்றான் ஏலிஸ்.

மார்க்கெத்தா பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

5

பனி இளகத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை அவர் மறுபடி வந்தார். அன்று காலைதான் ஏலிஸ் பம்பை நிறுத்தியிருந்தான். அலுத்துப்போச்சு என்றான். நாங்கள் பம்பு அறை வாசலில் நின்று, குட்டையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய காரின் முன்னிருக்கையில், துண்டு சுற்றி, பெல்ட் மாட்டி, ஒரு பெரிய பானை உட்கார்ந்திருந்தது. மார்க்கெத்தா அதை எடுக்காமல் நேராக எங்களிடம் வந்தார்.

"எந்தப் பொத்தான்?"

"பச்சை. ஆனா உங்களுக்கு உத்தரவு இருக்கே."

"பச்சைதானே?"

கையுறையைக் கழற்றி அழுத்தினார். பம்பு இருமி, ஓட ஆரம்பித்தது.

(அது அரசாங்கத்தின் விரலா, சளி பிடித்த ஒரு பெண்ணின் விரலா? மேலே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள், அவருடைய வேலை தங்குமா? எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. அந்தப் பகுதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை வலிக்கிறது.)

பானையில் இருந்தது பட்டாணி சூப். அங்கேயே, காரின் முன்மூடியில் வைத்துச் சாப்பிட்டோம். கடுகுச் சாந்துகூடக் கொண்டுவந்திருந்தார். ஏலிஸ் இரண்டாம் தடவை வாங்கி, கிண்ணத்தை ரொட்டியால் துடைத்தான்.

"நாலாயிரத்துச் சொச்சத்துக்கு உப்புக் கம்மி," என்றான்.

பிறகு கிண்ணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

"சரி. கணக்கு தீந்துது."