வாடகை அத்தை

"கூட யாரு வந்திருக்கா?"

நர்ஸ் கேட்டது கூடத்தின் கடைசி பெஞ்சு வரை போனது.

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"என்ன வேணும்?"

அவள் மேசைமேல் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். ஆணுறை கிழிந்துவிட்டது. கரு தங்காமல் இருக்க மாத்திரை வேண்டும்.

"சத்தமாச் சொல்லு. காது கேக்கல."

நர்ஸுக்குக் காது நன்றாகவே கேட்கும். சற்றுமுன் வாசலில் இருமியவரைத் திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லித் திட்டியிருந்தாள்.

"கிழிஞ்சுபோச்சு. மாத்திரை வேணும்."

"எது கிழிஞ்சுது? பாவாடையா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

அவளுக்கு இருபது வயது. ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் தைக்கிறாள். அவள் தெருவிலேயே மருந்துக்கடை உண்டு. கடைக்காரர் அவள் அப்பாவோடு சீட்டாடுகிறவர். அதனால்தான் பஸ் ஏறி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பல்வலி என்று சொல்லி அரைநாள் லீவு வாங்கியிருந்தாள். நாளைக்கு லீவு கிடைக்காது. தள்ளிப்போடப் போட மாத்திரையின் பலம் குறையும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சுவரைக் காட்டினாள். புதிதாக வந்த டாக்டர் ஒட்டிய நோட்டீஸ். 'இளைஞர்கள் துணையின்றித் தனியாக வரலாம். கேள்விகள் அறைக்குள் மட்டுமே கேட்கப்படும்.'

"அட, படிக்கத் தெரியுமா? ஒட்டினவங்க மீட்டிங் போயிருக்காங்க. சாயங்காலம்தான் வருவாங்க. அதுவரைக்கும் இங்க நான் வெச்சதுதான் சட்டம். கல்யாணமாகாத பொண்ணுன்னா வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் கூட வரணும்."

"அது பழைய சட்டம்."

"நானும் பழைய ஆளுதான். போய்க் கூட்டிட்டு வா. அடுத்து யாரு?"

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மடியில் கைப்பை.

"அத்தை வேணுமா, சித்தி வேணுமா?" என்றாள்.

அவளுக்குப் புரியவில்லை.

"விரட்டிட்டாளா? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. நான் கூட வந்தா காரியம் நடக்கும். அம்மாவா வரணும்னா கூலி ஜாஸ்தி. அம்மான்னா அழணும்."

"தனியா வரலாம்னு நோட்டீஸ் இருக்கே."

"இருக்கு. என் வயித்துல அடிச்சு ஒட்டின நோட்டீஸ். நல்லவேளை, நர்ஸம்மா இருக்கா. வர்றியா, இல்ல வீட்டுக்குப் போய் அம்மாவையே கூட்டிட்டு வர்றியா?"

பஸ்ஸுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள்.

"அத்தையே போதும்."

வாசற்படி தாண்டியதும் அத்தையின் நடை மாறியது. பிடித்த பிடியில் அவள் கை வலித்தது.

"வாங்க," என்றாள் நர்ஸ். "இப்பத்தான ஒரு அண்ணன் மகளைக் கூட்டிட்டு வந்தீங்க? மொத்தம் எத்தனை அண்ணனுங்க உங்களுக்கு?"

"எங்கப்பன் சும்மா இருக்கலையே தாயி. அத்தனைக்கும் பொட்டைங்களாப் பொறந்து தொலைச்சிருக்கு."

பெஞ்சு மறுபடி சிரித்தது. நர்ஸ் இழுப்பறையைத் திறந்தாள். மாத்திரை அட்டை தெரிந்தது. மூடினாள்.

"ஏம்மா, இந்த வயசுல உனக்கு..."

அத்தை திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தாள். கூடம் அடங்கியது. அவள் கண்கள் தானாக நிறைந்தன.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியேடி பாவி!"

மறுபடி கை ஓங்கினாள். நர்ஸின் முகம் இளகியது.

"விடுங்க, விடுங்க. வளர்ந்த பொண்ணு. அடிச்சா சரியாயிடுமா?" மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். "என் கண்ணு முன்னாடி முழுங்கு."

விழுங்கினாள்.

"வாயைத் திற."

திறந்து காட்டினாள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அத்தையின் கையை உதறினாள்.

"எதுக்கு அடிச்சீங்க?"

"அடிக்கலைன்னா அவ மதியச் சாப்பாடு வரைக்கும் பிரசங்கம் பண்ணுவா. கடைசில ஸ்டாக் இல்லம்பா. ஒரு அறை விழுந்தா அவளுக்கு மனசு குளிர்ந்துடும். உடனே எடுத்துக் குடுத்துடுவா."

"சொல்லிட்டு அடிச்சிருக்கலாம்ல?"

"சொன்னா அழுகை வராது."

"திருப்பி அடிச்சிருந்தா?"

"மாத்திரை போயிருக்கும். உனக்கு அது தெரியும். அதான் அடிக்கல." அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். "கெளம்பு. தொழில் நேரம்."

ஆட்டோவிலிருந்து இன்னொரு பெண் இறங்கினாள். முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவள் முந்திக்கொண்டாள். "இவங்களை நம்பாதீங்க. தனியா வரலாம்னு உள்ள நோட்டீஸ் இருக்கு."

"அதை நம்பித்தான் நேத்து வந்தேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"இவங்க அடிப்பாங்க."

அந்தப் பெண் அவள் கன்னத்தைப் பார்த்தாள். ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"எங்க வீட்டுல விறகுக்கட்டை," என்றாள். அத்தையின் பக்கம் போய் நின்றாள்.

"வாயை மூடிட்டுப் போய்ச் சேரு," என்று அவளிடம் சொல்லிவிட்டு அத்தை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் கம்பெனி வழியாகப் போகிற பஸ். அதைப் போகவிட்டாள். உள்ளே போய் மேசைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எல்லாம் அப்படியே நடந்தது. அண்ணன் மகள், கப்பல், அறை. அந்தப் பெண் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை அவள் பேசவில்லை.

நர்ஸ் அவளைக் கவனித்துவிட்டாள்.

"உனக்குத்தான் குடுத்தாச்சே. இன்னும் என்ன?"

"டாக்டரைப் பார்க்கணும்."

"எதுக்கு?"

"அதை அறைக்குள்ளதான் கேக்கணும்."

அத்தை திரும்பினாள். "எழுந்திருடி. வீட்டுக்குப் போகலாம்."

"நீங்க யாரு என்னைக் கூப்பிட?"

கூடம் முழுவதும் அத்தையைப் பார்த்தது. அத்தை நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"டாக்டர் வர சாயங்காலம் ஆகும்."

"ஆகட்டும்."

"பெஞ்சு நோயாளிங்களுக்கு."

"கன்னம் வீங்கியிருக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அத்தை வாசல் பக்கமாக நழுவினாள். நர்ஸ் எழுந்து சுவரோரம் போனாள். அந்த பெஞ்சுக்கு மேலே ஓடிய மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்து யாரு?"