சேலத்திலிருந்து திரும்பிய படங்கள்

செங்கோட்டையன் கோடித்துணியோடு வண்டியை விட்டு இறங்கியபோது, அர்த்தநாரி வீட்டுக்குப் பின்னால் சோளத்தட்டுப் போருக்குள் ஒரு காகிதக் கட்டைத் திணித்துக்கொண்டிருந்தான். மெழுகுத்துணி சுற்றிய கட்டு. ஒரு முனை உள்ளே போனால் மறுமுனை வெளியே வந்தது. முன்வாசலில் அழுகை ஒரு சுற்று ஓங்கியது. பிறந்த வீட்டு ஆள் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவன் இரண்டு கை தட்டையை அள்ளி மேலே போட்டு மூடிவிட்டு, வேட்டியில் ஒட்டிய சருகைத் தட்டியபடி முன்பக்கம் ஓடினான்.

பச்சை ஓலைப் பந்தலின் கீழே கயிற்றுக் கட்டிலில் மயிலம்மாள் கிடந்தாள். கோழி கூப்பிடும் நேரத்தில் மூச்சு நின்றிருந்தது. எட்டு நாள் காய்ச்சல் அவன் மனைவியின் கன்னத்தையும் கழுத்தையும் தின்றுவிட்டது. வாயை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உதடு லேசாகத் திறந்து, யாருக்கோ பதில் சொல்லக் கிளம்பியவள் போலவே இருந்தாள்.

"வந்துட்டயா செங்கோட்டையா!" பக்கத்து வீட்டுக் காளியாத்தாள் தலைமாட்டிலிருந்து கையை நீட்டி அழுதாள். "முந்தாநேத்துச் சாயங்காலம் கஞ்சி கொண்டாந்தேன். உன்ற தங்கச்சி என்ற கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, எங்கூட்டுக்காரரு ஒத்தையாச் சேலம் போயிப் பன்னெண்டு படத்தையும் வித்துப்போட்டு வந்துட்டாருங்க்கா'ன்னா. நேத்து வந்தவிய போனவிய அத்தன பேருத்துகிட்டயும் இதே பேச்சுதான். பால்காரனக்கூட நிறுத்தி வெச்சுச் சொன்னா. அந்தப் பெருமையோடவே போயிட்டாளே!"

செங்கோட்டையன் தங்கையின் மேல் கோடியைப் போர்த்தினான். மேச்சேரியிலிருந்து வெயிலில் வந்த முகம். துண்டால் அழுந்தத் துடைத்துக்கொண்டு அர்த்தநாரியின் பக்கம் திரும்பினான்.

"பன்னெண்டுமா மாப்ள?"

அர்த்தநாரி அவளுடைய கால்மாட்டைப் பார்த்தான். "ஆமாங் மச்சான்."

"உனக்கு வாயில்லைன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன்."

வாய் இல்லைதான். அவனுக்கும் சேர்த்து அவளிடம் இருந்தது.

சேலத்தில் ஒரு அச்சுக்கூடத்தில் நாடக நோட்டீசுக்கு மரத்தில் படம் வெட்டிக்கொண்டிருந்தவன் அவன். ராஜா, ராணி, உருவிய கத்தி. பிறகு அச்சுக்கூடம் ஈயத்தில் வார்த்த படங்களுக்கு மாறியதும், உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். காட்டு வேலை இல்லாத நாளில் பூவரசம் பலகையை இழைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதில் வெட்டினான். மேகம் இறங்கிய சங்ககிரி மலை. எடப்பாடித் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் கிழவர். மழையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஆடுகள். பலகையில் மை ஒற்றி, தாளைப் போர்த்தி, மயிலம்மாளின் மர அகப்பையைக் கவிழ்த்து அதன் முதுகால் தேய்த்தெடுத்தால் படம். அதுவரைதான் அவன் வேலை. அதை எடப்பாடிச் சந்தையில் சாக்கு விரித்துப் பரப்பி, பறக்காமல் கல்லை வைத்து, போகிறவனை நிறுத்தி விற்பது அவள் வேலை. 'சாமி படம் இருக்குதா?' என்று கேட்டவனைக்கூட அவள் ஆட்டுப் படத்தோடுதான் அனுப்புவாள்.

கட்டையில் வலது கையாக வெட்டியது தாளில் இடது கையாக விழும். எல்லாவற்றையும் திருப்பி நினைக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை அதை மறந்துபோனான். விதை தெளிக்கும் ஒரு பெண்ணைத் தாளில் எடுத்துப் பார்த்தால், அவள் இடது கையால் தெளித்துக்கொண்டிருந்தாள். தூக்கிப் போடச் சொன்னான். மயிலம்மாள் கேட்காமல் சந்தைக்குக் கொண்டுபோனாள்.

மாட்டுத் தரகர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏனம்மிணி, உங்கூட்டுக்காரரு விதை போடறதப் போட்டிருக்கறாரா, எடது கையில வாய்க்கரிசி போடறதப் போட்டிருக்கறாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அர்த்தநாரி வண்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"ஏனுங், வலது இடுப்புல கொழந்தை இருந்தா வேற எந்தக் கையில வெதைப்பாங்க?" என்றாள் மயிலம்மாள். "அந்தா, கருப்பா இருக்குது பாருங்க, அங்கதான் தூங்குது. சத்தம் போடாமப் பாருங்க."

தரகர் குனிந்து பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, விலை என்ன என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அர்த்தநாரி அந்தக் கட்டையை எடுத்தான். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் வெட்டாமல் விட்ட கருப்பில் இன்னும் வெட்டலாம். நாலைந்து கோடுதான். பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தையின் முதுகும் சாய்ந்த தலையும் வந்தன. ஈரத் தாளை அவளிடம் நீட்டினான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அப்போது. எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மை காயும்வரை தாளைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சேலத்துப் பொருட்காட்சியில் படம் வைக்கலாம் என்று கடிதம் வந்தபோது அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. அவன் போகவில்லை என்றான்.

"நா ஒண்ணும் மூணு நாளைல செத்துற மாட்டேன், போங்க. எல்லாத்தயும் நல்லாப் பாக்க உடுங்க. வெலையச் சொல்லீட்டுச் சும்மா நில்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க, சாமி. பேசினாக் கெடுத்துப் போடுவீங்க."

தேன் புட்டிகளுக்கும் கலப்பைகளுக்கும் நடுவில் ஒரு சுவரை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு படங்களையும் அதில் மாட்டினான். அவ்வளவு பெரிய வெள்ளைச் சுவரில் தன் படங்களை அவனே அதுவரை பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தன என்று பட்டது. கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் ஆட்டுப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு விலை கேட்டார். சொன்னான். அவர் பைக்குள் கையை விட்டார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அர்த்தநாரி, "வேண்டாம்னாலும் பரவாயில்லீங்க" என்றான். வக்கீல் அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தேன் வாங்கப் போய்விட்டார்.

மூன்று நாளும் அப்படித்தான் போயிற்று.

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, "எத்தன போச்சு?" என்றாள். அவன் சொன்ன பதில்தான் இப்போது ஊர் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை அவள் வாயிலிருந்து வந்தபடியே அவளோடு சுடுகாட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். அவள் ஊரை ஏமாற்றினாள் என்று ஒரு சொல் விழுந்துவிடக் கூடாது. இன்றைக்கு அவனுக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

பாடை கட்டி முடிந்தது. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்தார்கள். வாய்க்கரிசி முடிந்ததும் செங்கோட்டையன் கையைத் தூக்கினான்.

"இருங்கப்பா. எங்கூட்டுப் புள்ளைக சுமங்கலியாப் போனா, காலடி பொறந்த ஊட்டுக்கு வரோணும். மஞ்சத் தண்ணியில ஒத்தி எடுத்துட்டுப் போயி, சாமி மூலையில வெக்கோணும். வெள்ளத் துணி ஒண்ணு எடுத்து வெச்சேன், வந்த அவசரத்துல மறந்துட்டேன்."

"துணி என்னத்துக்கு?" என்றாள் காளியாத்தாள். "அச்சுப் போடறவன் ஊட்டுல காயிதத்துக்கா பஞ்சம்?"

"காயிதம் இல்லீங்க்கா," என்றான் அர்த்தநாரி வேகமாக.

"இல்லாம என்ன? சித்தெ முன்னால ஒரு கட்டு காயிதத்தத் தூக்கிக்கிட்டுப் போர்ப்பக்கம் போனயே. நா பாத்தனே."

அவள் மனதில் கள்ளமில்லை. அதற்குள் செங்கோட்டையன் வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கியிருந்தான். அர்த்தநாரி பின்னாலேயே ஓடினான்.

போரின் அடியில் மெழுகுத்துணியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செங்கோட்டையன் அதை இழுத்தெடுத்து, முழங்காலில் வைத்து முடிச்சை அவிழ்த்தான். மேலே ஆடுகள். அதன் கீழே மலை. அதன் கீழே தறிக்கிழவர். ஒவ்வொன்றின் மூலையிலும் பொருட்காட்சிச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. அவன் எண்ணவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். முன்வாசலில் பறை காத்திருந்தது, அவன் அவசரப்படவில்லை. ஆட்டுப் படத்தைத் திரும்ப எடுத்து, மழை விழும் கோடுகளின் மேலே விரல் படாமல் விரலை ஓட்டினான்.

"இது எங்கூரு ஆடு," என்றான். "முன்னங்கால மடக்கி நிக்கற நிப்பப் பாரு."

அர்த்தநாரி கீழே விழுந்த மெழுகுத்துணியை எடுத்து மடித்தான்.

"அவ எனக்கும் எத்தனையோ தடவ காட்டியிருக்கறா. பேசிக்கிட்டேதான் காட்டுவா. ஒரு நாளாச்சும் நிம்மதியாப் பாக்க உட்டாளா!" சிரிக்கப் போனவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "அப்ப ஒண்ணுங்கூடப் போவல."

"எத்தன போச்சுன்னு கேட்டாங் மச்சான். மூச்சு ஏங்கி ஏங்கி வந்துட்டிருந்துச்சு. வேற என்னத்தச் சொல்றதுங்?"

செங்கோட்டையன் தாள்களை அடுக்கினான். பிறகு அடுக்கை அப்படியே கவிழ்த்துப் பிடித்தான்.

"திருப்பிப் போட்டா வெள்ளக் காயிதந்தான். வா."

மஞ்சள் தண்ணீர் தாளில் ஊறிப் பரவியது, கால் விழவில்லை. ஒரு தாள் வீணாயிற்று. "உன்ற மையவே எடுத்துக்க," என்றான் செங்கோட்டையன். கறுப்பு ஆகாது என்று பெண்கள் சொன்னார்கள். நாடக நோட்டீசுக் காலத்துச் சிவப்பு மை கொஞ்சம் மிச்சமிருந்தது. அர்த்தநாரி அதைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு, கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டான்.

இரண்டு பேர் அவள் காலைத் தூக்கித் தாளின் மேல் வைக்க வந்தார்கள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். கட்டையைத் தாளின் மேல் கவிழ்ப்பதில்லை. தாள்தான் கட்டையிடம் போக வேண்டும். உள்ளங்காலில் மையை மெல்ல ஒற்றினான். விரலிடுக்கில் தேங்கியதைத் துடைத்தான். தாளை நிமிர்த்திப் பிடித்து, குதிகாலில் தொடங்கி, வெறும் உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே போனான். அவள் கால் குளிர்ந்திருந்தது. அவன் கை சூடு தாளின் வழியாக அதில் ஏறுவதுபோல் இருந்தது.

உரித்தெடுத்தான். சந்தைக்கும் வீட்டுக்குமாக நடந்த கால். குதிகால் வெடிப்புகள் சிவப்பின் நடுவே வெள்ளைக் கோடுகளாக விழுந்திருந்தன, கிளை பிரிந்து, ஒன்றைவிட ஒன்று மெலிதாக. அவ்வளவு மெல்லிய கோட்டை அவன் உளி ஒருநாளும் வெட்டியதில்லை.

"போதும் மாப்ள, நல்லா வந்திருக்குது."

"மொதத் தாளு சரியா உழுகாதுங்," என்றான் அர்த்தநாரி. மறுபடியும் மை ஒற்றினான்.

இரண்டாவது தாள் இன்னும் தெளிவாக வந்தது. இடது காலுக்கு இரண்டு எடுத்தான். யாரும் தடுக்கவில்லை. தூக்க நின்ற நாலு பேரும் தோள் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். எண்ணெய் மை லேசில் காயாது. மடித்தால் அப்பிக்கொள்ளும். அவன் பந்தல்காலிலிருந்து எதிரே இருந்த முருங்கைமரத்துக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, நாலு தாளையும் மூங்கில் சிம்பால் கவ்வித் தொங்கவிட்டான். கட்டியபிறகுதான் அது பாடை போகும் வழிக்குக் குறுக்கே நிற்பது தெரிந்தது.

அந்நேரம் பார்த்துக் காற்று வந்தது. தாள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வாசலில் நின்ற சனத்துக்கு மழையில் ஒட்டி நிற்கும் ஆடுகள் தெரிந்தன. மலை தெரிந்தது. காளியாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தாள், அர்த்தநாரியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து, பிறகு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பாடை தோளுக்கு ஏறியதும், முன்தோள் கொடுத்திருந்த சின்னண்ணன் என்பவன் அண்ணாந்தான். "இது வித்த படந்தான? இங்க எப்பிடி—"

"குனிஞ்சு வாடா," என்றான் செங்கோட்டையன்.

"கயித்தையாச்சும் அவுத்து உடலாமுல்லீங்?"

"ஈரம் காயல. குனிஞ்சு வா."

நாலு பேரும் முழங்காலை மடக்கினார்கள். பாடை தாழ்ந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தது.

அர்த்தநாரி கொள்ளிச்சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தான். சட்டி பிடித்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவன் பார்க்கவில்லை. பின்னால் சனத்தின் காலடிகள் ஒவ்வொன்றாகக் கயிற்றடியில் வந்து நிற்பதும், கொஞ்சம் பொறுத்து நகர்வதும், அடுத்தது வந்து நிற்பதும் அவன் காதில் விழுந்தன. கூட்டம் வந்து சேரட்டும் என்று பறைக்காரர்கள் அடியை மெதுவாக்கினார்கள்.