கண்காணிக்க ஓர் ஆள்

"அத்தனை பேர் இருக்காங்க. உன்னை மட்டும் ஏன் லீடராக்கினாங்க?"

சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கணவன் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"பழைய லீடர் வேற இடத்துக்குப் போயிட்டாருங்க. வேலை தெரிஞ்ச ஆளா வேணும்னாங்க."

"தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதானா?"

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "சும்மா யாரும் யாரையும் தூக்கிவிட மாட்டாங்க. என்னமோ இருக்கு."

அந்த 'என்னமோ' என்னவென்று இருவரும் சொல்லவில்லை. மறுநாள் அதற்கு ஒரு வழி மட்டும் கண்டுபிடித்தார்கள். படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்த நாத்தனாரையும் அதே வேலையில் சேர்த்துவிடச் சொன்னார்கள். துணைக்காம். எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். "வரட்டும்" என்றாள் அவள்.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. ஆவியும் சோப்பு நெடியுமாக எப்போதும் புழுங்கும். இஸ்திரி மெஷினருகே நிற்பவளுக்கு முகம் வெந்துவிடும். வாயில்லாதவளைத்தான் பழைய லீடர் அங்கே நிறுத்துவார். தனக்குப் பிடித்தவளுக்கு மடிக்கும் மேசை.

புது லீடர் முதல் நாள் பேச்சு எதுவும் பேசவில்லை. நேராகப் போய் மெஷின் முன் தானே நின்றாள். சாப்பாட்டு மணிக்குப் பிறகு அடுத்தவளை அழைத்தாள். மறுநாள் வேறொருத்தியை. இனி எல்லாருக்கும் முறை வரும் என்று அவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்தபோதும் நம்பவில்லை.

"இப்படித்தான் தேனாட்டம் ஆரம்பிப்பாங்க" என்றாள் சிடுமூஞ்சி. கூடத்தில் மூத்தவள்; அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "அப்புறம் கழுத்தறுப்பாங்க. நான் பாக்காததா?"

நாத்தனார் அதைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து இடுக்கி வந்தது. அழுக்கு மூட்டைக்குள் யாரும் கை விடக் கூடாது, இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து மேசையில் உதற வேண்டும் என்றாள் லீடர். வேலை மெதுவானது. 'வேலை ஓடலைன்னு நம்மளத்தான் குத்தம் சொல்லுவா' என்று முணுமுணுத்தார்கள். அவள் முதல் மூட்டையைத் தானே பிரித்தாள்.

கையுறை கேட்க மேனேஜர் அறைக்குப் போனபோதுதான் வினை வந்தது. கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. அவள் வெளியே வரும்போது கூடமே தலையைக் குனிந்து மடித்துக்கொண்டிருந்தது. அன்று மாலையே செய்தி வீடு போய்ச் சேர்ந்தது.

"கதவைச் சாத்திக்கிட்டு என்ன பேச்சு?" என்றான் கணவன்.

"கையுறை கேட்டேன்."

"அதுக்குக் கதவு எதுக்கு?"

பழைய லீடர் அதே அறையில், அதே கதவுக்குப் பின்னால் மணிக்கணக்காக டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டில் யாரும் கதவைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். காலையில் வழக்கம்போல் போனாள். மேனேஜரிடம் போகும்போது ஒரு துணி மூட்டையைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி பேசினாள்.

"போன வாரம் கேட்டேன் சார். இந்த வாரமும் கேக்குறேன்."

"பாக்கலாம்மா."

"அடுத்த வாரமும் வருவேன் சார்."

வந்தாள். ஒவ்வொரு முறையும் மூட்டை, திறந்த கதவு, அதே கேள்வி. கூடம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒருமுறை அவள் மறந்துபோக, சிடுமூஞ்சியே மூட்டையை உருட்டிக்கொண்டு வந்து போட்டாள். "நல்லெண்ணமெல்லாம் இல்ல. என்ன பேசுறாங்கன்னு கேக்கணும்" என்றாள்.

ஒருநாள் நாத்தனார் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். அவசரத்தில் கையை விடப் போனவள், அண்ணி பார்ப்பதைக் கண்டு எரிச்சலோடு இடுக்கியை எடுத்தாள். விரிப்பை உதறியதும் மேசையில் டக்கென்று ஏதோ விழுந்தது. மூடியில்லாத ஊசி. நுனியில் காய்ந்த ரத்தம்.

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அண்ணி அருகே வந்தாள். ஊசியை இடுக்கியாலேயே எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள். இந்த முறை நாத்தனார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். சிடுமூஞ்சி போனாள். பிறகு மற்றவர்களும். யாரும் சத்தம் போடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். மேனேஜர் ஊசியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கையுறைக்குச் சொல்லியனுப்பினார்.

மாலையில் இருவரும் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் தங்கையைத் தனியே கூப்பிட்டான். அவள் போகவில்லை. எல்லார் முன்னாலும் நின்றாள்.

"இன்னைக்கும் உள்ள போனாளா?"

"போனாங்க. நானும் போனேன்."

"என்ன பாத்த?"

"கையுறை கேட்டாங்க. குடுத்துட்டாங்க."

"வேற?"

"வேற இல்லண்ணா. நீ தேடுறது அங்க இல்ல."

அவன் முகம் சுருங்கியது. "உனக்கும் சொக்குப்பொடி போட்டுட்டாளா? ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டீங்க."

மாமியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஒருத்தியைப் பாத்துக்க ஒருத்தியை அனுப்பினோம். இப்ப ரெண்டு பேரையும் பாத்துக்க யாரை அனுப்புறது?"

"நீயே வாம்மா" என்றாள் மகள். "நாளைக்கு ஆள் குறையுது."

மருமகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. நாளைய வேலையில் யாருக்கு எதைப் பிரித்துக் கொடுப்பது என்ற யோசனையில்தான் வழிநெடுக வந்திருந்தாள்.

"அத்தைக்கு முட்டி வலி. உக்காந்து செய்யிற வேலையாத்தான் குடுக்கணும்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.