எல்லையம்மன் முன்னால் இரண்டு பொட்டலம்

கொம்பையா வடக்குப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர் தோளில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. மண்ணெண்ணெய் வாடை அவருக்கு முன்னால் நடந்தது. டீக்கடையில் பீடி பற்றவைக்கப் போன ஒருவர் தீக்குச்சியை ஊதிவிட்டுத் தள்ளிப்போய் நின்றார்.

மூட்டைக்குள் இருந்தது அவுட்போர்டு எஞ்சின். திருச்செந்தூருக்குத் தெற்கே அவருக்கு ஒரு பழைய ஃபைபர் வள்ளம் உண்டு. அதன் பின்னால் மாட்டியிருந்த இந்த எஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. பத்து நாளாக வள்ளம் மணலில் கிடக்கிறது.

வடக்குப்பட்டில் வாடகைக்கு இருக்கும் அவருடைய மச்சினன் இசக்கிபாண்டி, ஊரைப் பொறுத்தவரை, கார் எஞ்சின் செய்கிறவன். அப்படி அவன் சொன்னதில்லை. ஊரார் சொன்னபோது மறுத்ததும் இல்லை. உண்மையில் மறைமலை நகர் கம்பெனியில் காருக்கு இடதுபக்கக் கண்ணாடி மாட்டுவதுதான் அவன் வேலை. வலதுபக்கத்துக்கு வேறு ஆள்.

"மாப்ள, நீ ஒரு வார்த்த சொல்லணும். புது அவுட்போர்டு வாங்கவா, இல்ல நம்ம பக்கத்து வள்ளக்காரன் தசரதன் மாதிரி நீளக் கம்பி வச்ச டீசல் எஞ்சினா?"

"ஏன் அத்தான், ஊர்ல மெக்கானிக்கு இல்லியா?"

"ஒங்க அக்கா மாடத்தி ஒத்தக் கால்ல நிக்கா. தம்பி வாயால சொன்னாத்தான் சங்கிலியக் கழட்டித் தருவாளாம்."

அந்த ஒரு சங்கிலிதான் அக்காவிடம் இருக்கும் தங்கம். தப்பாகச் சொன்னால் சங்கிலியும் போகும், வள்ளமும் போகும். தெரியாது என்று சொல்ல இசக்கிபாண்டியை வெட்கம் விடவில்லை.

"நம்ம சொல்லி என்ன அத்தான்? பூக்கட்டிப் பாப்போம். அம்மன் சொல்லட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் கொம்பையா, கொஞ்சம் அவசரமாகவே.

இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, சிவப்பு அரளி வந்தால் புது அவுட்போர்டு, வெள்ளை அரளி வந்தால் டீசல் என்று முடிவாயிற்று. பொட்டலம் கட்டும் பொறுப்பு வீட்டுக்கார அம்மாள் இந்திராணிக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லையம்மனுக்கு விளக்குப் போடுகிறவர். வாடகைக்கு இருக்கும் பையன்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்காமலே கஞ்சி கொண்டுவருவார்.

குளிக்கப் போகிற சாக்கில் இசக்கிபாண்டி அவரிடம் போய்க் கிசுகிசுத்தான். "அக்கா, ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பே வச்சிருங்க." அவன் கணக்கு எளிமையானது. புதிது பழுதாகாது, பழுதாகாவிட்டால் மறுபடி யாரும் அவனைக் கேட்க மாட்டார்கள்.

அவன் அந்தப் பக்கம் போனதும் கொம்பையா வந்தார். "தாயி, ரெண்டுலயும் வெள்ளையே இருக்கட்டும். மாடத்தி நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

இந்திராணி இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினார். பிறகு சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்து, "கேட்டியாம்மா?" என்றார்.

சாயங்காலம் கோயிலில் சூடம் காட்டி இரண்டு காகிதப் பொட்டலங்களையும் வாசற்படியில் போட்டார்கள். இரண்டு பேரும் நெக்குருகிக் கும்பிட்டார்கள். அவ்வளவு நிம்மதியான பக்தியை அந்தக் கோயில் அண்மையில் பார்த்ததில்லை. கொம்பையா ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே வேப்பிலை.

"வெள்ளைதான இருக்கணும்!" என்றார்.

இசக்கிபாண்டி மற்றதைப் பிரித்தான். அதிலும் வேப்பிலை. "ரெண்டும் சிவப்புன்னுல்ல சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னாங்கடா இது?" இந்திராணி இடுப்பில் கை வைத்தார். "அம்மனுக்கே டூட்டி போட்டுக் குடுக்குறீங்களா? ஒருத்தன் சிவப்புன்றான், ஒருத்தன் வெள்ளன்றான். நான் பொய் கட்ட மாட்டேன். அதான் தழைய வெச்சேன். இன்னாத்துக்கு இந்தத் திருட்டு? சொல்லுங்க."

சாமி முன்னால் நின்றுகொண்டு இரண்டாவது தடவை மழுப்ப முடியவில்லை. "எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாது அத்தான். நான் கண்ணாடி மாட்டுதவன்" என்றான் இசக்கிபாண்டி.

அவனைத் திட்டுகிற தகுதி தனக்கில்லை என்பது கொம்பையாவுக்கே தெரிந்தது. "வள்ளத்துல எஞ்சின் மாட்டுத பின்பலகை வெடிச்சிருக்கு மாப்ள. டீசல்னா கனம். தாங்குமோ தாங்காதோ... தசரதன் டீசல்ல போறதப் பாத்து ஆசப்பட்டுட்டேன்."

"தாங்கலன்னா?" என்றார் இந்திராணி.

கொம்பையா வேப்பிலையை மறுபடி பொட்டலமாக மடித்தார். வள்ளத்தில் போவது அவர்தான்.

இந்திராணியின் தம்பி முனிரத்தினம் பக்கத்து ஊரான தண்டலத்தில் பம்புசெட் மெக்கானிக். மறுநாள் காலை எஞ்சினைப் பிரித்து, குளிர்ச்சிக்குத் தண்ணீர் ஏறும் வழியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைச் சுருள் சுருளாக உருவி எடுத்தார்.

"இதான் உன் வியாதி. தண்ணி ஏறல, சூட்டுல பிஸ்டன் புடிச்சுக்கிச்சு. சிலிண்டரக் கொடஞ்சு அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டா ரெண்டு வருஷம் ஓடும். மொதல்ல அந்தப் பலகைய மாத்து. புதுசு, டீசல் எல்லாம் அப்பால பாக்கலாம். கூலி வேணாம், சாமானுக்கு மட்டும் குடு. அக்கா வாயால ரெண்டு திட்டு வாங்கிட்ட இல்ல, அது போதும்."

எஸ்.டி.டி. பூத்தில் இசக்கிபாண்டி ஊர்க் கடைக்குப் போன் போட்டு, அக்காவை அழைத்துவரச் சொல்லிக் காத்திருந்தான். மாடத்தி மூச்சிரைக்க வந்தாள். அவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

"நீ எஞ்சின் செய்யலன்னு எனக்குத் தெரியாதால? போன பொங்கலுக்கு மிக்ஸி நின்னப்ப அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனியே."

"பெறவு ஏன் என்னக் கேக்கச் சொன்ன?"

"அவரு மெட்ராசுக்குப் போயி வர்றதுக்குள்ள ஆச தணியும்னு நெனச்சேன். சங்கிலி கழுத்துலதான் கெடக்கு. பலகைக்கும் பிஸ்டனுக்கும் என் சீட்டுப் பணம் போதும். அந்த மெக்கானிக்குக்குச் சீலாக் கருவாடு அனுப்புதேன், அந்த அக்காவுக்கும் சேத்து. இந்த வெடிச்ச பலகையோட கடலுக்குப் போயிருந்தா... அந்த மனுசனுக்கு அறிவு வேண்டாம்?" அதற்குப் பிறகு அவள் சொன்னதை எழுத முடியாது.

பூத்துக்கு வெளியே கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார் கொம்பையா. "என்னடே சொல்லுதா?"

"ஒங்கள வையுதா அத்தான். நிறுத்தாம வையுதா."

"அப்ப சம்மதிச்சிட்டா" என்றார் கொம்பையா.