துரைசாமியின் லாரியில் எண்ணெய் ஒழுகியது

துரைசாமிக்கு மெக்கானிக்குகளைக் கண்டாலே ஆகாது. கண்ணெதிரே கழற்றி, கண்ணெதிரே மாட்டி, நடுவில் எதையாவது சுருட்டிவிடுகிற கூட்டம் என்பது அவர் தீர்ப்பு. அதனால் அந்தச் சனிக்கிழமை காலை டெஸ்கர் ரோட்டில், நாகூர் கனியின் பட்டறையில், லாரிக்கு இரண்டடி தள்ளி ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். கோப்பி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அது ஏலத்தில் எடுத்த பழைய பட்டாள லாரி. ஆறு சக்கரமும் இழுக்கும். தெம்பனிஸ் மணல்குழியின் சேற்றில் இறங்கி ஏற அதைவிட்டால் ஆளில்லை. பவர் ஸ்டீயரிங் வேறு. பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தித் தள்ளும், அந்த அழுத்தத்தில் சக்கரம் திரும்பும். எண்ணெய் குறைந்தால் போச்சு, கல்லுரலைத் திருப்புகிற மாதிரிதான்.

மூன்று மாதமாக எண்ணெய் ஒழுகியது. போன வியாழக்கிழமை குழிச் சரிவில் திருப்ப முடியாமல் லாரி வேலியில் போய்ச் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் குழியின் சீன முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே, லாரிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே விடமாட்டேன், உன் வேலைக்கு வேறு லாரி வரும்.

இரண்டு பட்டறை பார்த்தாயிற்று. ஒருவன் குழாயை மாற்றினான். இன்னொருவன் பம்ப்பின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றினான். ஒழுகல் நின்றபாடில்லை.

"புது சீல்தான் போட்டானாண்ணே?" என்றான் கனி.

"போட்டேன்னான். பழசையே துடைச்சு மாட்டியிருப்பான். அதுக்குத்தான் புதுசோட இரும்பு விளிம்புல ஊசியால கீறி வச்சேன். கழட்டு பாய், குட்டு உடையட்டும்."

"நான் போடுற சீல்லயும் கீறுவீங்களா?"

"நீ என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சவனா? கீறுவேன்."

கனி உடனே கழற்றவில்லை. பம்ப்பையும் குழாய்களையும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தான். பிறகு முகப் பவுடர் டப்பாவை எடுத்து எல்லாவற்றின் மேலும் தூவினான்.

"பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போற?"

"எங்க ஈரமாகுதுன்னு தெரியணும்லா. ஏறி ஸ்டார்ட் பண்ணி வளைச்சுக்கிட்டே இருங்க."

துரைசாமி இடமும் வலமுமாக வளைத்தார். கால் மணி நேரம் பவுடர் காய்ந்தே கிடந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பம்ப்பின் தண்டு ஓரத்தில் மட்டும் வெள்ளை பழுப்பானது. குழாயில் ஒன்றுமில்லை.

எஞ்சினை நிறுத்தி, பம்ப்புக்கு எண்ணெய் தரும் டப்பாவின் மூடியைக் கனி திருகினான். புஸ்ஸென்று ஒரு சீற்றம். சட்டையெல்லாம் எண்ணெய். மூடியை ஒரு மாதிரி பார்த்தான், ஓரமாக வைத்தான். எண்ணெயை வடித்துப் பம்ப்பைப் பிரித்தான்.

சீல் வெளியே வந்ததும் துரைசாமி பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கீறல் இருந்தது. அவர் போட்ட அதே கீறல். மூன்று வாரமாக அவர் திட்டித் தீர்த்தவன் யோக்கியனாகிவிட்டான். அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"சீல் புதுசுதாண்ணே. ரப்பர் உதடுதான் விரிஞ்சிருக்கு. உள்ளேயிருந்து ஏதோ தள்ளியிருக்கு." கனி மூடியை எடுத்தான். "இதுல காத்து போக ஒரு துளை இருக்கணும். சூட்டுல காத்து பெருத்தா வெளியேற வழி வேணும்ல? இங்க துளையையே காணோம்."

திருப்புளியால் சுரண்டினான். மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு பெயர்ந்தது. மோந்து பார்த்தான்.

"சந்தனம்!"

துரைசாமி மூக்கைச் சொறிந்தார். லாரி வந்தபோது, சின்ன விரலுக்குத் திரும்புகிற ஸ்டீயரிங்கை அவர் நம்பவில்லை. மனிதன் கை வலிக்காமல் திரும்புகிற சக்கரத்தில் ஏதோ சூது இருக்கிறது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் கோயில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அந்த மூடி மேலேயே அப்பிவிடுவார். ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து சிமெண்டாகிவிட்டது.

"வாரா வாரமாண்ணே?"

"தவறுவேனா?"

"ஒழுக ஆரம்பிச்ச பிறகு?"

"ரெண்டு விரல் கூடுதலா வச்சேன்."

கனி தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். முறைத்துப் பார்த்த துரைசாமிக்கும் கடைசியில் தாங்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

குண்டூசியால் துளையைக் குத்தித் திறந்தார்கள். புது சீலைக் கனியே நீட்டினான், துரைசாமியும் கூச்சமில்லாமல் கீறிக் கொடுத்தார். எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை இரு பக்கமும் பலமுறை வளைத்து உள்ளிருந்த காற்றைப் போக்கினார்கள். எஞ்சினை ஓடவிட்டு, அடியில் பழைய பேப்பரை விரித்து, அங்கேயே உட்கார்ந்து பரோட்டா தின்றார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் பேப்பர் காய்ந்தே இருந்தது.

"பாய், இனி வெள்ளிக்கிழமை எங்க வைக்கிறது?"

கனி சுண்ணாம்புக்கட்டியால் முன்பக்க பம்பரில் ஒரு வட்டம் போட்டான். "இதுக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் அப்புங்க. அடைய ஒண்ணுமில்லை."

திங்கட்கிழமை தவுக்கே கையில் டார்ச்சோடு லாரிக்கடியில் குனிந்தார். வெகுநேரம் தேடினார். எழுந்து, உள்ளே போ என்று கையைக் காட்டினார்.

சரிவில் ஒரே கையால் வளைத்து இறங்கி, மணலை ஏற்றிக்கொண்டு மேலே வந்தார் துரைசாமி. வாசலைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். தவுக்கேயின் கண்ணை எப்படி நம்புவது? தானும் இறங்கி ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.