ஏழு பாயிண்ட்காரன் பெட்டி கட்டுகிறான்

கட்டிலின் மேல் வாயைப் பிளந்து கிடந்த சூட்கேஸைப் பார்த்தாலே எனக்குக் குமட்டியது. பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பிய கம்பளித் துணி. சேலத்து வெயிலில் வெந்துகொண்டிருப்பவர்களுக்கு, ஏற்காட்டுக்காரனுக்குக் குளிரைப் பற்றிப் பாடம் நடத்த எவ்வளவு ஆசை! கொழுந்தியாள் கொடுத்த ஸ்வெட்டரில் பாச்சை உருண்டை நாற்றம். சகலை கொடுத்த ஜெர்கினின் காலரில் போன மழைக்காலத்துப் பூஞ்சை பச்சையாகப் படர்ந்திருந்தது. தொட்ட விரலை லுங்கியில் துடைத்தேன். பிறகு அந்த லுங்கியே பிடிக்காமல் போய் வேறு கட்டிக்கொண்டேன்.

நான் ஆரோக்கியதாஸ். முப்பது வருடமாக ஏற்காட்டில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். முதலில் ஜீப், அப்புறம் வேன், இப்போது கார். ஏரிக்கரை ஸ்டாண்டில் நின்று "ஏழு பாயிண்ட், மூணே மணி நேரம்" என்று கூவுகிற குரல் என்னுடையது. என் மனைவி அமலி மிஷன் பள்ளி விடுதிச் சமையலறையில் இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றாள். மகன் ஆசிர் கப்பலில் ரொட்டி சுடுகிறான். சரக்குக் கப்பல் இல்லை. பதினாலு மாடி, நீச்சல் குளம் எல்லாம் வைத்த சுற்றுலாக் கப்பல்.

அங்கே வேலை செய்கிறவர்களின் அப்பா அம்மாவை ஒரு தடவை சலுகையில் ஏற்றிக்கொள்வார்களாம். 2020இலேயே போயிருக்க வேண்டும். கொரோனா வந்து கப்பல்களையெல்லாம் கட்டிப்போட்டது. அதற்கப்புறம் என் மூட்டுவலி, அப்புறம் விசா. இழுத்து இழுத்து ஒருவழியாக இந்த ஜூனில் நார்வேக்குப் புறப்படுகிறோம். பெட்டி கட்டிய அன்றைக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

கப்பல் நாலு ஊரில் நிற்கும். எந்த ஊரில் இறங்கி எதைச் சுற்றிப் பார்ப்பது என்று முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவு அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. எங்கள் டிக்கெட் ஆசிரின் கணக்கில் இருப்பதால் அவன்தான் பதிய முடியும். மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிட்டான். தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் அடுப்பு.

"மொத ஊர்ல பனோரமா டூர் இருக்குப்பா. ஏசி பஸ்ஸு. மூணு மணி நேரத்துல எட்டு எடம் காட்டுவாங்க."

"எறக்கி உடுவானா?"

"மூணு எடத்துல போட்டோ எடுக்க நிறுத்துவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டான் வெள்ளைக்காரன். மூன்று மணி நேரத்தில் எட்டு இடம் என்றால் ஐந்து இடம் ஜன்னல் வழியாக. "லெஃப்ட்ல பாருங்க சார்" என்று கை காட்டுவதற்குள் வண்டி வளைவைத் தாண்டிவிடும். நான் அப்படித்தான் ஒரு பூங்காவையும் இரண்டு எஸ்டேட் பங்களாவையும் ஏழு பாயிண்டில் சேர்த்திருக்கிறேன்.

"அடுத்தது சொல்லு."

"பண்ணைக்குப் போயி ஜாம், தேன் எல்லாம் ருசி பாக்கலாம். அப்புறம் கொஞ்ச நேரம் கடையில..."

"கமிஷன் கடை. தள்ளு."

அந்தத் தேனை எனக்குத் தெரியும். மலைத்தேன் என்று சொல்லி நான் கூட்டிப்போகிற கடையில் பாட்டிலுக்குள் இருப்பது முக்கால்வாசி வெல்லப்பாகு. கடைக்காரன் ஒரு தேனீயைப் பிடித்து உள்ளே போட்டு வைத்திருப்பான். செத்த தேனீ மிதப்பதைப் பார்த்தால்தான் மெட்ராஸ்காரனுக்கு நம்பிக்கை வரும். அதை நக்கிப் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று அவன் சொல்லும்போது, பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். சீ.

"திமிங்கலம் பாக்குற படகு டூர் ஒன்னு இருக்குப்பா. பாக்க வாய்ப்பு உண்டுன்னு போட்டிருக்காங்க."

"காட்டெருமை பாக்க வாய்ப்பு உண்டுங்கன்னு முப்பது வருசமா நானுந்தான் சொல்றேன் சாமி. வாய்ப்புக்குப் பெட்ரோல் செலவு கெடையாது."

இப்படியே அவன் படித்த பன்னிரண்டு டூரையும் கழித்துக்கட்டினேன். பாம்பின் கால் பாம்பறியும். எவன் எந்த ஊரில் என்ன மொழியில் எழுதினாலும் உள்ளே இருப்பது ஒரே அழுக்கு. எனக்கு உள்ளபடியே ஆத்திரம் வந்தது. நாங்களாவது பன்னிரண்டாம் வகுப்பு தாண்டாதவர்கள். படித்து, டை கட்டி, படம் போட்டு ஏமாற்றுகிறானே!

அதுவரை மடித்த துணியையே மடித்துக்கொண்டிருந்த அமலி ஃபோன் பக்கம் தலையை நீட்டினாள். "கண்ணு, அந்தப் பனியாறுன்னு சொன்னியே?"

"அது நாலாவது ஊரும்மா. மலை மேலருந்து ஆறாட்டம் பனி எறங்கி வரும். பஸ்ஸுல கொஞ்ச தூரம், மிச்சம் நடை. போக வர ஆறு கிலோமீட்டர், நொம்ப மேடு. ஆனா பனிக்குக் கிட்டத்துலயே போயி நிக்கலாம். ஆறு சீட்டு பாக்கி இருக்குது."

"ஐஸைப் பாக்க ஆறு கிலோமீட்டரா?" என்றேன். "மீன் கடையில போயி நில்லு. பெட்டி பெட்டியா எறக்குவான்."

ஆசிர் சிரித்தான். அமலி சிரிக்கவில்லை.

"அங்க போயி நின்னா மஞ்சு மூடிக்கும். இதான் பாயிண்ட்டு, அஞ்சு நிமிசத்துல வெலகிரும்னு கைடு சொல்லுவான். வெலகாது. நான் பாக்காத மஞ்சா?"

"அப்பா, எனக்கு ரொட்டி எடுக்கற நேரம். பேசி வெய்யிங்க. அஞ்சரைக்குக் கூப்புடறேன்," என்று அவன் வைத்துவிட்டான்.

மலையை மூடுகிற அந்த மஞ்சைச் சொன்னதும் ஒரு சங்கடம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. போன வருடம் ஆடி மாதம் சிவகாசிப் பக்கமிருந்து ஒரு வயதான தம்பதி என் வண்டியில் ஏறினார்கள். சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் குகைக்குள் சாமியைப் பார்க்க வேண்டும் என்பது அந்தம்மாவின் வேண்டுதல். எனக்கோ பன்னிரண்டு மணிக்கு இன்னொரு டிரிப் காத்திருந்தது. "இன்னைக்குக் கோயில் சாத்தியிருக்குதுங்க" என்று வாய் கூசாமல் சொன்னேன். மஞ்சு மூடிய ஒரு பாயிண்டில் இறக்கி, ஒன்றுமே தெரியாத வெள்ளையைக் காட்டி, "அதோ அந்தப் பக்கந்தாங்க கோயில்" என்றேன். அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெள்ளையைப் பார்த்துக் கும்பிட்டார். பெரியவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். இப்போது நினைத்தால் அந்த டீ தொண்டையில் எதிர்க்களிக்கிறது.

நினைப்பை மாற்றுவதற்காகப் பெட்டியைக் குடைந்தேன். "இத்தனை நாத்தத்தையும் கப்பல்ல ஏத்துனா நடுக்கடல்ல எறக்கி உட்ருவான்," என்று பூஞ்சை ஜெர்கினைத் தூக்கி மூலையில் எறிந்தேன். குரங்குக் குல்லா மூன்று இருந்தது. ஒன்றின் உள்ளே யாருடையதோ நரைமுடி. அதுவும் மூலைக்கு. அடியில் புளிக்காய்ச்சல் டப்பா கசிந்து காலுறையில் எண்ணெய் இறங்கியிருந்தது. அதற்கும் அடியில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு ஜோடி ஷூ. அடிப்பாகம் தேய்ந்திருந்தது. இடுக்கெல்லாம் செம்மண்.

"யாரு கால்ல போட்டுத் தேச்சது இது? சீ! அடுத்தவன் ஷூவைக்கூடவா வாங்கி வெப்ப?"

"என்னுதுதானுங்க."

அமலி ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை. ரப்பர் செருப்போடுதான் கல்யாண வீட்டுக்கும் வருவாள்.

"பிப்ரவரியில சேலத்துல வாங்குனது," என்றாள். "அந்த டூருக்கு மேடு ஏறிப் பழகியிருக்கணும்னு ஆசிர் அப்பவே சொன்னான். காலையில சர்ச்சுல பூசை முடிஞ்சதும் செம்மநத்தம் போற ரோட்டுல ஏறி எறங்கறேன். மொத வாரம் பாதி மேட்டுலயே மூச்சு வாங்குச்சு. இப்ப ஆறு கிலோமீட்டர் நிக்காம நடப்பனுங்க."

"நாலு மாசமா பூசை நொம்ப நீளம்னு சொன்னியே?"

"பூசை அரை மணி நேரந்தானுங்க. உங்க ஸ்டாண்டுல இருக்கறவங்களுக்கெல்லாம் தெரியும். செல்வராஜ் அண்ணன் தெனம் பாத்துட்டு வணக்கம் சொல்லுவாரு. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கே தெரிந்து எனக்குத் தெரியாமல் போனால் வேறு என்ன வரும்? "அதுக்குன்னு போயி ஏமாறணுமா? சொல்றனில்ல, எல்லாமே ஏமாத்து வேலை. நான் பண்ணாததா?"

அமலி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, ஒன்னு கேக்கட்டுங்களா? நீங்க ஏமாத்துன சனமெல்லாம் அழுதுட்டா போச்சு?"

"அதெப்படி அழுவாங்க? சிரிச்சுட்டுத்தான் போவாங்க."

"மஞ்சோ மசுரோ, எதையோ பாத்தோம்னு சந்தோசமாத்தானே போனாங்க? முப்பது வருசமா ஊரு சனத்தையெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் போயி ஏமாத்துனீங்களே, என்னைய ஒரு நாளாவது கூட்டிட்டுப் போயி ஏமாத்துனீங்களா?"

மசுரு என்ற வார்த்தை அமலியின் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"கரடியூர் பாயிண்ட்டு எங்கருந்து எத்தனை கிலோமீட்டர்னு உங்களுக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அது எப்படி இருக்கும்னு விடுதிப் புள்ளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல கேட்டேன். சீசன் முடியட்டும்னீங்க. சீசன் முடிஞ்சதும் வண்டியை ஒர்க்ஷாப்புல உட்டீங்க. ஆசிர் பொறந்தப்புறம் அவனாவது கேப்பான்னு பாத்தேன். அவன் பள்ளிக்கூடத்துலருந்து பஸ்ஸுல போயிட்டு வந்துட்டான்."

பதில் என்னிடம் நிறைய இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரிப் போனால் அந்த வார அரிசி. வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு போனால் ஸ்டாண்டில் முறை போய்விடும். எல்லாம் உண்மைதான். ஆனால் கோயில் சாத்தியிருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னதைப் போல, இதுவும் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற சாக்குதான். வாயைத் திறந்தால் நாறும். தேனுக்குள் கிடந்த தேனீயைவிட, சகலையின் ஜெர்கினைவிட, அந்த அறையில் எனக்கு அதிகமாக அருவருத்தது நான்தான்.

"சரி புள்ள. ரெண்டு பேருக்கும் போடச் சொல்லலாம்," என்றேன். ஏதோ ஒரு பெரிய தானம் செய்கிற குரலில்தான் அது வந்தது. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

ஐந்தரைக்கு ஆசிர் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தே முக்காலுக்கு அவனே வந்தான். மாவு அப்பிய கை.

"சொல்லுங்கப்பா, எதைப் போடட்டும்?"

"பனியாறு. ரெண்டு சீட்டு," என்றேன்.

அவன் குனிந்து எதையோ தட்டினான். திரும்பவும் தட்டினான். நிமிரவில்லை.

"அப்பா, ஒன்னுதான் இருக்குது. மூணு மணிக்கே முடிவு பண்ணியிருந்தா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "பனோரமா பஸ்ஸுல எடம் இருக்குது. ரெண்டு பேரும் ஒன்னாப் போலாம்."

நான் அமலியைப் பார்த்தேன். "நீங்க இல்லாம நான் எங்கீங்க போறது" என்று அவள் சொல்வாள், பஸ்ஸில் சேர்ந்தே போவோம், அங்கே நல்லபடியாகப் பார்த்துக்கொள்வோம் என்று மனசுக்குள் அதற்குள் ஏற்பாடு செய்துவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தானே.

"எம்பேருக்குப் போட்டுரு கண்ணு," என்றாள் அமலி.

"அப்பாவுக்கு எதைம்மா போடறது?"

"அவரு வண்டியிலயே உக்காந்து காத்திருந்து பழகுனவரு. கப்பல்லயே இருந்துக்குவாரு."

குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஒன்று சொல்லியிருப்பேன். மழை வருகிறது, துணியை எடுங்கள் என்பது போலத்தான் சொன்னாள். ஆசிர் பதிவு செய்தான். அமலியின் பெயரும் வயதும் போட்ட சீட்டு என் ஃபோனுக்குத்தான் வந்தது. அதை அவளிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஷூவை எடுத்துப் பழைய பிரஷ்ஷால் செம்மண்ணைத் தட்டத் தொடங்கினாள்.

"கொண்டா, நான் தேய்ச்சுத் தரேன்," என்றேன். கொடுக்கவில்லை.

முப்பது வருடமாக ஒவ்வொரு சவாரியிடமும் கேட்கிற கேள்விதான் எனக்கு வாயில் வந்தது. "போயிட்டு வர எத்தனை நேரமாகும்?"

"நாலு மணி நேரம்னு போட்டிருக்குதுங்க."

"நான் கப்பலை உட்டு எறங்கி அந்த பஸ்ஸு வந்து நிக்கற எடத்துலயே நிக்கறேன்."

"நில்லுங்க," என்றாள், ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா ஹாரன் மட்டும் அடிக்காதீங்க. நான் பாத்து முடிச்சுட்டுத்தான் வருவேன்."